மீன் சுட எந்தக் கரி? கருவக் கரியைப் பார்த்து வாங்கும் விதம்

கேள்வி: ராமேஸ்வரம் வழியில் இருக்கும் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் சனி, ஞாயிறு மட்டும் மீன் சுட்டுக் கொடுக்கும் சின்னக் கடை போட்டிருக்கிறேன். ஊரில் வாங்கும் கரி ஒரே புகை, பொறியும் தெறிக்கிறது. ஆன்லைனில் ‘மெஸ்கீட்’ கரி என்று விற்கிறார்கள். விலை பல மடங்கு. அதை வாங்கலாமா? சீலா மீனைப் புகைபோட்டு விற்கவும் ஆசை. அதற்குத் தனிக் கரி வேண்டுமா?

பதில்: மெஸ்கீட்டுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். டெக்ஸாஸ்காரர்கள் கொண்டாடுகிற அந்த மரமும், நம் கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கிற சீமைக் கருவேலமும் பங்காளிகள். 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக வெட்டித் தள்ளினார்களே, அதே மரம். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற கரி பெரும்பாலும் இதுதான். கெட்டி மரம், கரியும் கனமாக இருக்கும், தணல் நின்று எரியும். உங்களுக்கு வந்த கோளாறு மூட்டத்தில் நடந்திருக்கும், அல்லது மூட்டை உங்கள் கைக்கு வந்த பிறகு நடந்திருக்கும்.

மூட்டத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். விறகை அடுக்கி, வைக்கோலோ தழையோ போட்டு, மேலே ஈரமண் பூசி, ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வருவது பெரும்பாலும் விறகிலிருக்கும் தண்ணீர். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாரிக்கும். அப்போது ஓட்டைகளை அடைத்து ஆறவிட வேண்டும். லாரி வந்து நிற்கிறதே என்று அவசரப்பட்டுப் பிரித்தால் உள்ளே அரைவேக்காட்டுக் கட்டை கிடக்கும். வெளியே கருப்பு, நடுவே காப்பிக்கொட்டை நிறம். உங்கள் அடுப்பில் புகைவது அதுதான். இன்னொன்று, பிரிக்கும்போது தணலை அணைக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். கொஞ்சம் தெளித்தால் சரி. எடைக்குத்தானே விற்கிறோம் என்று தாராளமாக ஊற்றினால் அந்தத் தண்ணீருக்கும் காசு கொடுப்பது நாம்.

மூட்டை வாங்கும்போது வாயைப் பிரித்து மேலே பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடிவரை கையை விட்டு நாலு துண்டு எடுங்கள். ஒன்றோடொன்று தட்டினால் பீங்கானைத் தட்டின மாதிரி ‘கிண்’ணென்று கேட்க வேண்டும். ‘தொப்’பென்றால் ஈரம் அல்லது வேகாதது. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உடைந்த முகம் கருகருவென்று மினுங்க வேண்டும், பழுப்புக் கோடு ஓடக்கூடாது. கையில் லேசாகத்தான் ஒட்ட வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டுங்கள். மஞ்சள் சுடர் விட்டுப் புகைந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பொறி தெறிப்பதற்கு ஈரமும், கரியில் ஒட்டியிருக்கும் பட்டையும், தூளும்தான் பெரும்பாலும் காரணம். தேவிபட்டினத்தில் ஒரு விசேஷத்துக்கு அவசரத்தில் வாங்கின மூட்டையால் என் புது வேட்டியில் ஏழெட்டு ஓட்டை. அன்றிலிருந்து சல்லடையில் சலிக்காமல் கரியை அடுப்பில் போடுவதில்லை. தூள் அடியில் தங்கினால் காற்றோட்டத்தையும் அடைத்துவிடும்.

நல்ல கரி வாங்கியும் புகைகிறதென்றால் கடற்காற்றைச் சந்தேகப்படுங்கள். கரி ஈரத்தைப் பஞ்சு மாதிரி இழுக்கும். சாக்கோடு திறந்தவெளியில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ நிறுத்து எடுத்து, தகரத்தில் பரப்பி, ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு மறுபடி நிறுங்கள். ஐம்பது கிராமுக்கு மேல் குறைந்தால் மூட்டை முழுவதையும் காயப்போட வேண்டியதுதான். பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் வையுங்கள். மூட்டம் பிரித்த அன்றே வந்த கரியை மட்டும் உடனே உள்ளே அடைக்காதீர்கள். உள்ளே கங்கு ஒளிந்திருந்து மறுநாள் பற்றிக்கொள்ளும்.

இப்போது சீலாவுக்கு வருவோம். சுடுவதற்குக் கொஞ்சம் மட்டமான கரி வந்தாலும் சமாளித்துவிடலாம். முழுவதும் பற்றி, மேலே சாம்பல் பூத்த பிறகு மீனை வைத்தால் கெட்ட புகை அதற்குள் போய்விட்டிருக்கும். புகைபோடும்போது அப்படிச் செய்ய முடியாது. அடுப்பை மணிக்கணக்கில் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்திருக்க, பற்றாத கரியை நிரப்பி மேலே நாலு கங்கு மட்டும் வைப்போம். ஒவ்வொரு துண்டாகப் பற்றும்போது அதிலிருக்கும் அரைவேக்காட்டுப் புகை நேரே மீனில் ஏறும். சீலா கசக்கும். ஆகவே தனிக் கரி தேவையில்லை, ஆனால் புகைபோட எடுப்பது மூட்டையில் பொறுக்கின கரியாக இருக்கட்டும்: முட்டை அளவுக்குக் குறையாத, ‘கிண்’ணென்ற துண்டுகள். சில்லுகளைச் சுடும் அடுப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

நன்றாக வெந்த கரியில் மணம் அதிகம் இருக்காது. மணத்துக்குக் காய்ந்த விறகுத் துண்டுதான் வேண்டும். கருவ விறகின் புகை காட்டமானது. மீனுக்கு உள்ளங்கை அளவில் ஒரு துண்டு போதும். எனக்கென்னவோ காய்ந்த சிரட்டைதான் மீனுக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. சீலாவில் உப்புத் தடவி வைத்து, கழுவி, மேல்தோல் ஈரம் உலரும்வரை காற்றாட விட்ட பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். உடைந்த படகின் பலகை கரையில் சும்மா கிடக்கிறதே என்று கை வைக்காதீர்கள். பெயின்ட்டும் பசையும் அதில் ஊறியிருக்கும். பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் படாத தகர டின்னில் கரியை நிரப்பி, கீழே காகிதத்தைக் கொளுத்துங்கள். இரண்டு அடுப்பும் வெளியிலேயே இருக்கட்டும். மூடின அறையில் கரிப்புகை ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

வாங்குகிற பருவம் பங்குனி, சித்திரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், மீன் வரத்து குறையும், உங்களுக்கும் கடையில் வேலை கம்மி. அந்த வெயிலில் காய்ந்த கரியை ஐப்பசி மழைக்கும் சேர்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.