அறிவியல் பரீட்சைக்கு முந்தின நாள்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். நடிகனாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஏதாவது சொன்னால் ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்தில் நடித்த தேவ் படேலைக் காட்டுகிறான். ‘அவருக்கு 18 வயசா இருக்கும்போதே அவர் நடிச்ச படம் 8 ஆஸ்கார் வாங்கிச்சு, நான் இன்னும் கெமிஸ்ட்ரி படிச்சிட்டிருக்கேன்’ என்கிறான். அவர் ஹாரோவில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை, அதிர்ஷ்டமும் அடித்தது, நமக்கு அதெல்லாம் நடக்குமா என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. சென்னையில் ஒரு நடிப்புப் பயிற்சி நிலையத்தில் 3 லட்சம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? இன்னொன்று, கணிதமேதை ராமானுஜனாக நடிக்க ஒரு தமிழர்கூடவா கிடைக்கவில்லை? லண்டன் குஜராத்திதான் வேண்டுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

ஒரு அம்மா, கரூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். ராமானுஜனைப் பற்றி 2014இல் தமிழிலேயே ஒரு படம் வந்தது. ஞான ராஜசேகரன் இயக்கினார். தியேட்டருக்குப் போய்ப் பார்த்தீர்களா? அதற்குப் போகாதவர்கள் பின்னால் வந்த, தேவ் நடித்த ஆங்கிலப் படத்தைப் பார்த்துக் கோபப்படுவதில் ஒரு நியாயமும் இல்லை. மேலே போவோம்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுருக்கென்று குத்தியது ‘ஹாரோவில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை’ என்ற வரிதான். ஹாரோ என்பது லண்டனின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஒரு பகுதி. அங்கே குன்றின்மேல் ஒரு பள்ளி இருக்கிறது. சர்ச்சில் படித்தது, நேரு படித்தது, ஷெர்லக் ஹோம்ஸாக நம் பிள்ளைகள் கொண்டாடும் பெனடிக்ட் கம்பர்பேட்ச் படித்தது எல்லாம் அந்தப் பள்ளி. ஒரு வருஷக் கட்டணத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். தேவ் படேல் அங்கே படிக்கவில்லை, அம்மா. அதே ஹாரோவில் விட்மோர் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. அங்கேதான் படித்தார். அப்பாவும் அம்மாவும் நைரோபியில் பிறந்த குஜராத்திகள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் துறையில் வேலை. அம்மா, முடியாதவர்களை வீட்டோடு பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர். குடியிருந்தது ரெய்னர்ஸ் லேன். உங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் வசதி இருக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி அவன் வாயை அடைக்கும் முன்னால், அது உண்மையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமா?

சரி, திட்டியது போதும். அதிர்ஷ்டம் என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை அவர். பத்து வயதிலிருந்து டேக்வாண்டோ என்ற தற்காப்புக் கலை கற்றார். 2004இல் டப்ளினில் நடந்த போட்டியில் வெண்கலம் வாங்கினார், 2006இல் கறுப்புப் பட்டை வாங்கினார். உங்கள் மகன் இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியிருப்பான். அவன் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது, பள்ளிக்கூடத்தில் நடந்தது. முதல் மேடை ஷேக்ஸ்பியர் நாடகம். ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் சர் ஆண்ட்ரூ ஏக்யூசீக் என்ற பாத்திரம். தன்னைப் பெரிய வீரன் என்றும் காதலன் என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் அசட்டுப் பிரபு அவன். கதாநாயகன் இல்லை. ஊர் சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட வேடம்.

அப்புறம் 16 வயதில் ஜிசிஎஸ்இ, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. அதில் நாடகமும் ஒரு பாடம். கணக்கு, அறிவியல் மாதிரியே அதற்கும் ஆசிரியர் உண்டு, பீரியட் உண்டு, மதிப்பெண் உண்டு. பிள்ளைகள் தாங்களே ஒரு நிகழ்வை உருவாக்கி நடித்துக் காட்ட வேண்டும். ரஷ்யாவில் பெஸ்லான் என்ற ஊரில் 2004 செப்டம்பரில் ஒரு பள்ளிக்கூடத்தையே பயங்கரவாதிகள் பிடித்துவைத்தார்கள் அல்லவா? முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அந்தப் பள்ளிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தையாக, தானே எழுதி நடித்தார் தேவ். அந்தப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது மிக உயர்ந்த மதிப்பெண்.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. 2025இல் ஓவன் கூப்பர் என்ற இங்கிலாந்தின் வாரிங்டன் ஊர்ப் பையன் ‘அடோலசென்ஸ்’ தொடருக்காக 15 வயதில் எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கினான். அதற்கு முன் அவன் தொழில்முறையில் நடித்ததே இல்லை. ஆனால் வாரா வாரம் நாடக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஒரு மணி நேரத்தை ஒட்டிய நடிப்பு, நடுவில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் பகுதியைத்தான் முதலில் எடுத்தார்கள். பெரும்பாலும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு மனநல நிபுணரோடு பேசுவது. நடுவில் பையனுக்கு நிஜமாகவே கொட்டாவி வந்துவிட்டது. எதிரே இருந்த எரின் டோஹர்ட்டி, நான் உனக்குச் சலிப்பூட்டுகிறேனா என்று கேட்டார். அது வசனத்தில் இல்லாத கேள்வி. பையன் தடுமாறாமல் அந்தப் பாத்திரமாகவே இருந்தான். அந்தக் கொட்டாவியும் படத்தில் இருக்கிறது. பயிற்சி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தச் சில நொடிகளைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் பள்ளியில் தமிழய்யா ஒருவர் வருஷா வருஷம் நாடகம் போடுவார். சாயங்காலம் மணி அடித்த பிறகு ஒத்திகை. எங்கள் வகுப்பில் ஒரு பையன், எல்லாப் பாடத்திலும் பெயில். அவனுக்கு வாயிற்காவலன் வேடம். வசனமே கிடையாது, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆண்டு விழா அன்று ராஜாவாக நடித்தவனின் அட்டைக் கிரீடம் நழுவி மேடையில் உருண்டது. ராஜா திருதிருவென்று விழிக்கிறான். சபையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. இந்தப் பையன் அவசரப்படவே இல்லை. ஈட்டியைத் தூணில் சாய்த்தான். நிதானமாக நடந்து வந்து, மண்டியிட்டு, கிரீடத்தை எடுத்து, தோள் துண்டால் தூசி தட்டி, இரண்டு கையாலும் ராஜாவிடம் நீட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து தன் இடத்துக்குப் போய் நின்றான். சிரித்த கூட்டம் கை தட்டியது. அடுத்த வருஷம் எங்களுக்குப் பொதுத்தேர்வு. ரிசல்ட் குறைந்துவிடும் என்று நாடகத்தை நிறுத்தினார்கள். அதோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் நாடகமே இல்லை. அந்தப் பையன் பத்தாவதில் பெயிலாகிப் படிப்பை விட்டான். அவனுக்கு ஒரு பாடமாவது பாஸாகியிருக்கும், அம்மா. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இங்கிலாந்து ஏதோ சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் அங்கே பள்ளிகளை அளக்க ஒரு புது அளவுகோல் கொண்டுவந்தார்கள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு அல்லது புவியியல், ஒரு மொழி. நாடகம் அதில் இல்லை. அளவுகோலில் இல்லாத பாடத்துக்குப் பள்ளி ஏன் ஆசிரியர் போடும்? நாடகம் எடுக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு நிறையக் குறைந்துவிட்டார்கள். குன்றின்மேல் இருக்கும் பள்ளிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர்களுக்குச் சொந்த அரங்கம் இருக்கிறது. எடி ரெட்மெயின், டாம் ஹிடில்ஸ்டன் இருவரும் ஈட்டன் என்ற இன்னொரு பணக்காரப் பள்ளியில் படித்தவர்கள், கம்பர்பேட்ச் ஹாரோ. நல்ல நடிகர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விட்மோர் மாதிரிப் பள்ளியில் அந்தப் பீரியட் போய்விட்டால் அடுத்த தேவ் எங்கிருந்து வருவார்? நம்மூரில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், அதில் நாடகமும் உண்டு. நல்ல காரியம். ஆனாலும் அது போட்டி. போட்டிக்குத் திறமைசாலியைத்தான் அனுப்புவார்கள். ஈட்டி பிடிக்கிறவனுக்கு வேண்டியது வாராந்திரப் பீரியட்.

தேவின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பதில் எழுதியதே வீண். லண்டன் ரயில்களில் இலவசமாகக் கிடைக்கும் ‘மெட்ரோ’ நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. பதின்பருவப் பிள்ளைகளைப் பற்றிய ‘ஸ்கின்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் தேடினார்கள். அதைப் பார்த்தது தேவ் இல்லை, அவருடைய அம்மா. மறுநாள் மகனுக்கு அறிவியல் பரீட்சை. அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நீங்களாக இருந்தால் பேப்பரை மடித்து அலமாரியில் வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். 2007இல் தொடர் வந்தது. அதைப் பார்த்த இயக்குநர் டேனி பாயிலின் மகள், இந்தப் பையனைப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். உங்கள் மகன் சொல்லும் ஆஸ்கார் படம் அப்படிக் கிடைத்ததுதான். இதில் அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வந்து கதவைத் தட்டியபோது, ஏக்யூசீக்காகவும் பெஸ்லான் குழந்தையாகவும் நின்று பழகிய ஒருவன் வீட்டில் இருந்தான்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். அந்த 8 ஆஸ்காருக்குப் பிறகு, 2010இல் வந்த அவருடைய அடுத்த பெரிய ஹாலிவுட் படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவருடைய சொந்த நடிப்புக்கு ஆஸ்கார் பரிந்துரை வர 2017 ஆனது. நடுவில் எட்டு வருஷம்.

அந்த 3 லட்சமா? இப்போது கட்டாதீர்கள். அவன் முதலில் ஒரு மேடையில் ஈட்டி பிடித்து நிற்கட்டும். பக்கத்தில் நாடகக் குழு ஏதாவது இருந்தால் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடுங்கள், நாற்காலி அடுக்கச் சொன்னாலும் அடுக்கட்டும். கெமிஸ்ட்ரியும் படிக்கட்டும், தேவ் படிப்பை விட்டுவிடவில்லை. அவனுடைய பள்ளியில் கடைசியாக நாடகம் போட்டது எந்த வருஷம் என்று கேட்டு எழுதுங்கள். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடியதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள்.