ஷோரூம் விலையில் 40,000 கூடினால், கையிலிருந்து போவது 1.09 லட்சம்

கேள்வி: மேடவாக்கத்தில் வசிக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் சேர்த்துக் கையில் வரும் சம்பளம் மாதம் 1,20,000 ரூபாய். வீட்டுக் கடன் இஎம்ஐ 36,000. எஃப்டி-யில் 7.5 லட்சம் இருக்கிறது. 2014-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் காரை 1.75 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அதில் இதுவரை இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் எதுவும் எடுத்ததில்லை. வாரத்தில் மூன்று நாள் சிறுசேரியில் ஆபீஸ், போக வர 38 கிலோமீட்டர். வருடத்துக்கு மூன்று முறை திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு போவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க வசதியாக இருக்கும் என்று எஸ்யூவி பார்க்கிறேன். 12 லட்சத்துக்குள் முடிக்க நினைத்தால், ஷோரூமில் 13.5 லட்ச ரூபாய் வண்டியைக் காட்டி, "இஎம்ஐ 19,300தான் சார்" என்கிறார்கள். மச்சான் டீசல் வாங்கச் சொல்கிறார். ஆபீஸ் நண்பர், டர்போவில் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்தான் ஓட்டச் சுகம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: எந்த மாடல் என்பதை அப்புறம் பார்ப்போம். தமிழ்நாட்டில் கார் வாங்குபவர் முதலில் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று ஜிஎஸ்டி எல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால் 18%. இரண்டில் ஒன்று மீறினாலும் 40%. மாருதி பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டிதான், ஆனால் இன்ஜின் 1,462 சிசி. அதனால் அதற்கு 40%. பக்கத்தில் அதே நீளத்தில் நிற்கும் நெக்ஸான் பெட்ரோலுக்கு 18%. இந்த வரி ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கண்ணில் படாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு வண்டிக்கு, எவ்வளவு அரசுக்கு என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது எல்லைதான் பையைக் கடிக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கான ஆயுள்கால சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%. வருமான வரி போல 10 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் 18%. போதாததற்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் டீலர் 1% டிசிஎஸ் (விற்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி எடுக்கும் அன்று கையிலிருந்து போகும்.

எண்களில் பாருங்கள். ஷோரூம் விலை 9,90,000 என்றால் சாலை வரி 1,28,700. இன்ஷூரன்ஸ் சுமார் 45,000, பதிவு, ஃபாஸ்டேக் வகையறா 5,000 சேர்த்தால் ஆன்ரோடு 11.69 லட்சம். அதே வண்டியில் ஒரு படி மேல் வேரியன்ட், 10,30,000 என்று வையுங்கள். சாலை வரி 1,85,400, டிசிஎஸ் 10,300, இன்ஷூரன்ஸ் 47,000, மற்றவை 5,000. ஆன்ரோடு 12.78 லட்சம். சன்ரூஃபுக்கும் அலாய் வீலுக்கும் 40,000 கொடுப்பதாக நினைப்பீர்கள், போவது 1.09 லட்சம். சென்னை வெயிலில் சன்ரூஃபை எத்தனை நாள் திறப்பீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் 12 லட்சம் பட்ஜெட்டுக்குப் பொருந்துவது, ஷோரூம் விலை 10 லட்சத்துக்குக் கீழே நிற்கும் 1,200 சிசிக்குட்பட்ட வண்டி. விலைப் பட்டியல் அடிக்கடி மாறும். எனவே புக் செய்யும் அன்று எழுத்தில் விலை விவரத்தை வாங்குங்கள். அதில் ஷோரூம் விலை, சாலை வரி, டிசிஎஸ், இன்ஷூரன்ஸ் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'எசென்ஷியல் கிட்' என்று ஏதாவது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி அந்த 19,300 ரூபாய் இஎம்ஐ. 13.5 லட்ச ரூபாய் வண்டி ஆன்ரோடில் சுமார் 16.7 லட்சம் வரும். பழைய காரின் 1.75 லட்சமும் எஃப்டியிலிருந்து எடுக்கும் 3 லட்சமும் போக, கடன் 12 லட்சம். 9% வட்டியில் 7 வருடத்துக்கு இஎம்ஐ 19,307. ஷோரூமில் சொன்னது இதைத்தான், கூடவே '7 வருடம்' என்பதைச் சத்தமில்லாமல் விட்டிருப்பார்கள். மொத்த வட்டி 4.22 லட்சம். இதையே 5 வருடத்தில் அடைக்கப் பார்த்தால் இஎம்ஐ 24,910. வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் 61,000, சம்பளத்தில் பாதிக்கு மேல். இருவரில் ஒருவர் வேலை மாற இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால் எஃப்டியை உடைக்க வேண்டியதுதான்.

11.69 லட்ச வண்டிக்குக் கடன் 7 லட்சம் போதும். 5 வருடத்துக்கு இஎம்ஐ 14,531, மொத்த வட்டி 1.72 லட்சம். 7 வருடமாக நீட்டினால் இஎம்ஐ 11,262 ஆகக் குறையும், வட்டி 2.46 லட்சமாக ஏறும். மாதம் 3,270 குறைகிறதே என்பதற்காக 74,000 கூடுதலாகக் கொடுக்க உங்களுக்கு அவசியமில்லை. 5 வருடமே எடுங்கள். எஃப்டியில் மீதி 4.5 லட்சம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் வட்டி 'ஃபிளாட்' விகிதமா (கடைசிவரை முழுக் கடன் மேலும்), குறையும் நிலுவை மேலா (அடைத்தது போக மீதிக்கு மட்டும்) என்று கேளுங்கள். ஃபிளாட் 7% என்பது கேட்கக் குறைவாக இருக்கும். உண்மையில் 12 சதவீதத்துக்கு மேல் வரும். ஃபிக்ஸட் வட்டியா, ஃபிளோட்டிங்கா என்பதும் முக்கியம். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் தனிநபர் ஃபிளோட்டிங் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஃபிக்ஸட் என்றால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான் சொல்லும் டீசல். நீங்கள் ஓடுவது ஆபீஸுக்கு மாதம் 13 நாள் கணக்கில் சுமார் 495 கிலோமீட்டர், வீட்டு வேலைகளுக்கு மாதம் 150, ஊருக்கு வருடத்தில் மூன்று முறை போய்வர 3,750. வருடத்துக்கு ஏறக்குறைய 11,500. பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92.50 என்று வைத்து, நகரில் பெட்ரோல் 10.5, ஹைவேயில் 16 கிலோமீட்டர் தந்தால் வருடச் செலவு 98,000. டீசலில் நகரில் 14, ஹைவேயில் 20 தந்தால் 68,500. மிச்சம் வருடம் 29,000 சொச்சம். ஆனால் டீசல் வண்டி 1.3 லட்சம் விலை கூடுதல் என்று வைத்தால், அது 10 லட்சத்தைத் தாண்டி 18% சாலை வரிக்குள் விழுந்து, வித்தியாசம் 2 லட்சத்தைத் தொடும். போட்ட பணம் திரும்ப 7 வருடம். அதற்கிடையில் டிபிஎஃப் தொல்லை வேறு. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் அந்த ஃபில்டர், புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் கரியை எரித்துச் சுத்தமாகும். அதற்கு ஹைவேயில் கால் மணி நேரமாவது சீரான வேகம் வேண்டும். சோழிங்கநல்லூர் சிக்னலில் ஊர்ந்தே காலம் தள்ளும் வண்டிக்கு அது கிடைக்காது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மேலே மைலேஜை நான் வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி சொல்லும் 17, 18 எல்லாம் சோதனைக் கூடத்து எண். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஏசியோடு ஓடினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழித்துவிட்டு பட்ஜெட் போடுவதுதான் பத்திரம்.

டர்போ டிசிடி விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி சரி. டர்போவுக்கு இழுவை அதிகம். சாதாரண 1.2 லிட்டர் இன்ஜின் தரும் டார்க் 115 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கும்போது, 1.0 டர்போ சில வண்டிகளில் 170-க்கு மேல் தரும். ஆனால் திருநெல்வேலி வரை நான்கு வழிச்சாலை. எதிரே லாரி வரும்போது முந்த வேண்டிய நெருக்கடி அங்கே கிடையாது. கொடைக்கானல், ஏற்காடு என்று மாதாமாதம் ஏறுகிறவராக இருந்தால் டர்போ என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது கட்டாயமில்லை. சும்மா கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றிலும் பெட்ரோல் என்றாலே டர்போதான். கீழ் வேரியன்ட் மேனுவலில்கூட அது வரும். மூன்றும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை என்பதும் கணக்கில் சேரட்டும். வென்யூ, சோனெட் இரண்டிலும் டர்போ இல்லாத 1.2 லிட்டரும் உண்டு.

கியர்பாக்ஸில்தான் கவனம் தேவை. இந்த விலையில் வரும் பல டிசிடிகள் உலர் கிளட்ச் வகை. டிராஃபிக்கில் அடி அடியாக நகரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். குளிர்விக்க ஆயில் இல்லாததால் சூடு ஏறி, வண்டி உதறும், சில நேரம் எச்சரிக்கை காட்டி நிற்கச் சொல்லும். மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளான டார்க் கன்வெர்ட்டரும் சிவிடியும் இதை நன்றாகத் தாங்கும். 10 லட்சத்துக்குள் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் ஏஎம்டிதான் (மேனுவல் கியர்பாக்ஸில் கியரைத் தானே மாற்றும் வகை) கிடைக்கும். கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும். ஆனால் மெயின்டெனன்ஸ் கிட்டத்தட்ட மேனுவல் அளவுதான். மேனுவலா ஏஎம்டியா என்பது உங்கள் இடது காலின் பொறுமையைப் பொறுத்தது.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். எஸ்யூவி உயரம் என்றாலே முழங்காலுக்கு நல்லது என்பதில்லை. பின் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் சீட் அவருக்கு உயரம், ஒவ்வொரு முறையும் ஏறத்தான் வேண்டும். பின்னால் மூன்று பேரை ஏற்றி, ஏசி போட்டு, ஏதாவது ஒரு ஃபிளைஓவரில் ஏறிப் பாருங்கள். வீட்டு ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் இடைவெளியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகள் கண்ணாடி தவிர்த்து 1.8 மீட்டர் சுமார் அகலம். கதவு பாதி திறந்து அம்மா இறங்க இன்னும் 60 செ.மீ. வேண்டும்.

இன்ஷூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640, இரண்டோடும் ஜிஎஸ்டி தனியாகச் சேரும். இது எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். பேரம் நடப்பது சேதக் காப்பீட்டுப் பகுதியில். பிரீமியம் குறைவு என்று ஒருவர் சொன்னால் ஐடிவியை (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை) பாருங்கள். புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95%, அதாவது 9,90,000 வண்டிக்கு 9,40,500. அதைக் குறைத்துத்தான் சிலர் 'மலிவு' காட்டுகிறார்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் பாலிசி எடுக்காதீர்கள். தேங்கிய நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால், காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைப் பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசி ஏற்காது. எஸ்யூவியின் 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் மேடுபள்ளத்துக்குத்தான், வெள்ளத்துக்கு அல்ல. ஆட்-ஆன் இருந்தாலும் சாவியைத் திருகாமல் டோ செய்து ஒர்க்ஷாப்புக்கு அனுப்புவதே சரி. ஜீரோ டெப்பும் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது) எடுங்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வாங்கிய பில் தொகையைத் தருவது) இருந்தால், வண்டி முழுதாகப் போனால் சாலை வரியும் திரும்பக் கிடைக்குமா என்று பாலிசி வாசகத்தில் பாருங்கள்.

மாதச் செலவு: இஎம்ஐ 14,531, பெட்ரோல் 8,200, இன்ஷூரன்ஸுக்கு எடுத்துவைக்க 2,000, சர்வீஸ், டயர் 1,500, டோல், பார்க்கிங் 800. மொத்தம் 27,000. ஊருக்குப் போவதற்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் கட்டாயம் பாருங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு 200 முறை என்று வந்தது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும். ஈசிஆர் சாவடியில் செல்லாது.

பழைய காரை விற்கும்போது, அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ க்ளெய்ம் போனஸ் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். 5 வருடம் தொடர்ந்து க்ளெய்ம் இல்லையென்றால் 50%. அது காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். மூன்று வருடத்துக்குள் புது காரின் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் கழிக்கலாம். அந்தப் பகுதி 24,000 என்றால் 12,000 மிச்சம். டீலர் இதைத் தானாகக் கேட்க மாட்டார். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், பரிவாஹன் தளத்தில் ஆர்சி வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறும்வரை 1.75 லட்சத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க எக்ஸ்சேஞ்ச் டீலர் விரும்புவார். அது சகஜம்தான், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை அந்த வண்டிக்கு வரும் சலானும் விபத்து வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.