பழவேற்காட்டில் வீடு, கிண்டியில் வேலை

கேள்வி: எனக்கு வயது 44. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 72,000 ரூபாய் வருகிறது. மனைவி பெரம்பூரில் தனியார் பள்ளி ஆசிரியை, 22,000 ரூபாய். மகள் ஒன்பதாம் வகுப்பு. வியாசர்பாடியில் 2010-ல் 21 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறோம், கடன் முடிந்துவிட்டது. இப்போது 62 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். மழை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர், காற்றடித்தால் கொடுங்கையூர் குப்பைமேட்டு நாற்றம். போதும் என்றாகிவிட்டது. பழவேற்காட்டில் 5 சென்ட் தனி வீடு 34 லட்சத்துக்கு வருகிறது, கடல் பக்கம். ஃபிளாட்டை விற்று அதை வாங்கினால் 28 லட்சம் மிஞ்சும். 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டால் மாதம் 16,300 ரூபாய் வட்டி. பொன்னேரி வரை பைக், அங்கிருந்து ரயில், மெட்ரோ. ரயில் பாஸ் சில நூறு ரூபாய்தான். மனைவி வேலையை விட்டுவிடுவார். டோக்கனாக 50,000 கொடுத்துவிட்டேன். சரியான முடிவுதானே?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பது தெரிகிறது, வட்டியை நூறு ரூபாய் சுத்தமாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதத்திலேயே பெரிய தொகை எது தெரியுமா? மூன்றே சொற்களில் தாண்டிப் போய்விட்டீர்களே, "மனைவி வேலையை விட்டுவிடுவார்" என்று, அதுதான். மாதம் 22,000. வருகிற வட்டி 16,300, போகிற சம்பளம் 22,000. முதல் வரியிலேயே கணக்கு மைனஸில்தான் தொடங்குகிறது.

அவருக்கு என்ன வயது என்று எழுதவில்லை. நாற்பது என்று வைத்துக்கொண்டால், 58 வரை பார்க்க இன்னும் 18 வருட வேலை இருக்கிறது. சம்பளம் ஏறாமல் இதே 22,000-ஆக நின்றால்கூட 47 லட்சத்துக்கு மேல். பிஎஃப் இருந்தால் அது தனி. நீங்கள் வாங்கப்போகிற வீட்டின் விலையைவிட அதிகமான ஒன்றை ஒரு வரியில் எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். அவரே விரும்பி விடுகிறாரா, அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்பதால் விடுகிறாரா என்பதும் கடிதத்தில் இல்லை. இரண்டாவது என்றால் அந்த 22,000-ஐ வீட்டுச் செலவில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது அந்த 28 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 34 லட்சத்துக்கு அதுவே 3 லட்சத்தைத் தாண்டும். விற்பதற்கும் வாங்குவதற்கும் தரகு ஒரு சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம். கடலோரம் என்றால் இன்வெர்ட்டர் வேண்டும், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்.ஓ. வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஸ்கூட்டர் வேண்டும். பழைய வீட்டுக்குப் பூச்சு, கிரில், வயரிங். மூன்று லட்சத்துக்குள் முடித்தால் நீங்கள் கெட்டிக்காரர். ஆக மிஞ்சுவது 21 லட்சம், வட்டி மாதம் 12,250.

கிரில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எர்ணாவூரில் கடலைப் பார்த்த வீடு ஒன்றை ஒரு வாடிக்கையாளருக்காகப் பார்க்கப் போனேன். புது பெயின்ட் பளபளவென்று இருந்தது. மாடிக் கைப்பிடியைப் பிடித்தேன், உள்ளங்கை முழுக்கப் பழுப்பு. கம்பியை விரல் நகத்தால் சுரண்டினால் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. பால்கனி தளத்தின் அடிப்பக்கம் காரை வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தது. உப்புக்காற்று காரைக்குள் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு உப்பி காரையைப் பிளந்துவிடும். அது பெயின்டில் தீர்கிற நோய் இல்லை. நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது ஹாலைப் பார்க்காதீர்கள். மொட்டைமாடிக் கம்பியையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

இப்போது போக்குவரத்து. ரயில் பாஸ் மலிவு என்பது உண்மை. செலவு பாஸில் இல்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி 19 கிலோமீட்டர் போல. போக வர, மாதம் 24 நாள் என்றால் 900 கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோலே 2,000 ரூபாய். வண்டி ஒரு வருடத்தில் 11,000 கிலோமீட்டர் ஓடும், சர்வீஸும் டயரும் அதற்கேற்ப வரும். விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ பிடித்தால் கிண்டிக்கு மாறாமல் போகலாம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திறந்தது உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். டிக்கெட் 50 ரூபாய், கார்டில் 20 சதவீதம் தள்ளுபடி, மாதம் 1,900 சொச்சம். ஸ்டாண்டு காசு, பாஸ், பொன்னேரியில் ஒரு டீ எல்லாம் சேர்ந்து 5,500. இப்போது 1,800-க்குள் முடிகிறது என்று வைத்தால், கூடுதல் 3,700.

நேரக் கணக்கு இதைவிட மோசம். பைக்கில் 40 நிமிடம், காத்திருப்பு 15, விம்கோ நகர் வரை 40, மாறுவதற்கு 10, மெட்ரோவில் 50, நடை 10. ஒரு வழிக்கு 2 மணி 45 நிமிடம், போக வர ஐந்தரை மணி நேரம். இன்று உங்களுக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும் என்று நினைக்கிறேன். மாதத்துக்கு 76 மணி நேரம் கூடுகிறது. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் ஒன்பதரை நாள்! உங்கள் 72,000-ஐ வேலை நேரமும் பயண நேரமும் சேர்த்து வகுத்தால் இன்று மணிக்கு 290 ரூபாய். அங்கே போனால் 222. முதலாளி இப்படிச் சம்பளத்தைக் குறைத்தால் மறுநாளே வேறு வேலை தேடுவீர்கள்.

அதுவும் வண்டி நேரத்துக்கு வந்தால். கும்மிடிப்பூண்டி தடம் வேளச்சேரி தடம் மாதிரி மின்ரயிலுக்கென்றே ஒதுக்கிய தடம் இல்லை. விஜயவாடா வழியாக டில்லிக்கும் ஹவுராவுக்கும் போகிற எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. நான் கல்யாணமான புதிதில் மீஞ்சூரில் இரண்டரை வருடம் இருந்தேன், வேலை அண்ணா சாலையில். வாடகை பாதிதான் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அத்திப்பட்டு தாண்டி வண்டி நிற்கும், ஜன்னலில் கொசு வரும், பக்கத்தில் ஒரு சரக்கு வண்டி ஐம்பது பெட்டியோடு ஆடி அசைந்து போகும். வீட்டுக்குப் போனால் குழந்தை தூங்கியிருக்கும். மிச்சம் பிடித்த வாடகை, வெளிச் சாப்பாட்டுக்கும் கடைசி வண்டியை விட்ட நாட்களின் ஆட்டோவுக்கும் போனது. அது மீஞ்சூர். நீங்கள் போகிற இடம் அதற்கும் அப்பால், பொன்னேரியில் இறங்கி இன்னும் 19 கிலோமீட்டர்.

மொத்தமாகப் போடுங்கள்: வட்டி 12,250, அதில் கூடுதல் போக்குவரத்து 3,700 போகும், சம்பளம் 22,000 போகும், ஃபிளாட் மெயின்டனன்ஸ் 2,000 மிச்சமாகும். மாதம் 11,000-க்கு மேல் துண்டு விழுகிறது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிற வருடத்தில்.

வீடு நல்ல முதலீடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கடலோர நிலத்துக்குச் சட்டம் தனி. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்காற்று மண்டலம். உப்பங்கழி, ஏரிக் கரைகளுக்கும் தனி எல்லை உண்டு. பழவேற்காட்டில் ஒரு பக்கம் ஏரி, பாலம் தாண்டினால் கடல், ஏரியே பறவைகள் சரணாலயம். கிராமப் பகுதியில் கரையை ஒட்டிய பட்டையில் புதிதாகக் கட்டவே முடியாது, அதற்கு அடுத்த பகுதியிலும் உள்ளூர் மக்களின் குடியிருப்புக்குத்தான் முதலிடம். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்று அர்த்தமில்லை. சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்த இடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வங்கியும் இதைத்தான் கேட்கும். நீங்கள் ரொக்கமாக வாங்குவதால் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவருக்கு லோன் கிடைக்காவிட்டால் விற்பது எப்படி?

கடல் நிற்கிற இடத்திலேயே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துறைமுகம் கட்டிய பிறகு மணல் தெற்கே ஒதுங்கி மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டிக் கிடக்கிற பாறைகள் அதற்குச் சாட்சி. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்தால் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பணம் வரும். கடலரிப்பில் நிலம் போனால் வராது, அது பாலிசியிலேயே விலக்கு.

வருமான வரி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். விற்ற லாபத்தின் பெரும்பகுதி புது வீட்டில் போய்விடுவதால் வரி ஒன்றும் இருக்காது, இருந்தால் சொற்பம்தான். கொக்கி வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் புது வீட்டை 3 வருடத்துக்குள் விற்றால், வாங்கிய வரிவிலக்கு திரும்ப உங்கள் தலையில் வந்து விழும். ஒத்துவரவில்லை என்று இரண்டாம் வருடம் திரும்பி வர நினைத்தால் அந்த வரி, மறுபடி வியாசர்பாடியில் ஒன்பது சதவீதம், அதுவும் அன்றைய விலைக்கு. போகிற வழி சுலபம். திரும்புகிற வழிக்குத்தான் சுங்கம்.

கடலோரம் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. நானும் ராயபுரத்தில்தான் அலுவலகம் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு நண்டுக்காகவே போகிறவன். விற்காமல் போய்ப் பாருங்கள் என்கிறேன். மனைவி ஆசிரியை, மகள் மாணவி, இருவருக்கும் கோடை விடுமுறை உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த அந்த விடுமுறையில் ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு அங்கே ஒரு வீட்டை இரண்டு மாதம் வாடகைக்கு எடுங்கள். இருபதாயிரம் ரூபாய் ஆகுமா? ஆகட்டும், பத்திரச் செலவு மூன்று லட்சம். நீங்கள் தினமும் அங்கிருந்தே கிண்டிக்குப் போய்வாருங்கள். அதற்கு முன் நவம்பர் மழையில் ஒரு வாரநாள் ஆபீஸ் முடிந்து பொன்னேரியில் இறங்கி, இருட்டில், பைக்கில் அந்த 19 கிலோமீட்டரை ஓட்டிப் பாருங்கள்.

அதன் பிறகும் ஆசை இருந்தால், ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு அங்கே வாடகைக்குப் போகலாம். உங்கள் பக்கம் 16,000 வாடகை வரும் என்றால், அங்கே 8,000 கொடுத்தாலும் 8,000 கையில் நிற்கும். 21 லட்சத்தின் வட்டியைவிட மாதம் நாலாயிரம் குறைவு. பதிலுக்கு 62 லட்ச ரூபாய்ச் சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும், திரும்பி வரக் கதவும் இருக்கும். கடல் மட்டும்தான் வேண்டும் என்றால் திருவொற்றியூரிலும் இருக்கிறது, மெட்ரோ வாசலிலேயே. ஆனால் காற்றுக்காகப் போகிறவர் மணலி ஆலைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பதில் அர்த்தமில்லை, அதனால் அதை வற்புறுத்த மாட்டேன்.

கடைசியாக அந்த 50,000. ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால் இந்த வாரமே எழுதி வாங்குங்கள்: சர்வே எண், தொகை, தேதி, பட்டாவிலோ கடற்கரை மண்டல விஷயத்திலோ தடை வந்தால் பணம் திரும்பும் என்ற ஒரு வரி. விற்பவர் எழுதிக்கொடுக்க மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். கிரய ஒப்பந்தத்துக்கு ஐந்து லட்சம் கொண்டுவாருங்கள் என்பார், கொடுக்காதீர்கள். 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றும் வந்து, ஒரு வக்கீல் பார்த்த பிறகுதான் அடுத்த ரூபாய். ஐம்பதாயிரம் திரும்பாமலே போனாலும் விட்டுவிடலாம். உங்கள் மனைவியின் மூன்று மாதச் சம்பளம்கூட இல்லை அது.