லிஃப்ட் போடும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்

தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டி, மாதம் ஒருமுறை மலைக்கும் அதே வண்டி. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்கள் லிஃப்ட் (வண்டியின் உயரத்தைக் கூட்டுவது) பற்றியும் சஸ்பென்ஷன் பற்றியும் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அண்ணா, 2022 தார் ஹார்டு டாப். தினமும் தாம்பரம் – சிறுசேரி. மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைப் பக்கம் மண் பாதை. 3 இன்ச் லிஃப்ட் போடலாமா?

தம்பி, எங்கே இடிக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! அடுத்த தடவை மலையை விட்டு இறங்கியதும் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எந்த இடம் தேய்ந்து பளபளக்கிறதோ அதுதான் உங்கள் பிரச்சினை. நான் பார்த்த தார்களில் பெரும்பாலும் அது சைடு ஸ்டெப் (கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் படி), கழற்ற ஸ்பேனர் போதும், காசு ஆகாது. கம்பெனியே 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் கொடுத்திருக்கிறது, நீங்கள் சொல்லும் பாதைக்கு அது தாராளம். முதலில் தார்ச்சாலை, மண் இரண்டுக்கும் ஆகும் நல்ல ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் போடுங்கள், மண்ணில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டிப் பழகுங்கள், திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு அப்புறமும் நடுவயிறு தட்டினால் 40 மி.மீ. லிஃப்ட் பற்றிப் பேசலாம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 50 மி.மீ.க்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. 3 இன்ச் போட்டால் முன்பக்கம் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சிவி ஜாயின்ட்டும், சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் எந்நேரமும் கோணலாகவே சுற்றிக்கொண்டிருக்கும், அந்தச் செலவு மலையில் வராது, நீங்கள் தினமும் ஓட்டும் ஓஎம்ஆர் சாலையில் வரும்.

கேள்வி: ஸ்பேசர் சில ஆயிரத்தில் முடிகிறது, முழு ஸ்பிரிங்-ஷாக் (ஷாக் அப்சார்பர்) கிட் அதைப்போலப் பல மடங்கு. உயரம் ஒன்றுதானே, எதற்கு அவ்வளவு காசு?

நின்றுகொண்டிருக்கும்போது உயரம் ஒன்றுதான். ஓடும்போதுதான் வித்தியாசம். ஸ்பேசர் என்பது முன் ஸ்ட்ரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேலே வைக்கும் ஒரு கட்டை, அவ்வளவுதான். தாரில் முன் சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும்; ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், மேலே வைக்கிற கட்டையின் கனத்தைவிட வண்டி அதிகமாகவே தூக்கும். சக்கரம் குழியில் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும், மேல் ஆர்ம் போய் ஸ்பிரிங்கில் உரசும். பின்னால் ஸ்பிரிங்குக்கு மட்டும் கட்டை வைத்துப் பழைய ஷாக்கையே விட்டுவிட்டால் சக்கரம் தொங்கும் அளவு குறைந்துவிடும், ஸ்பீடு பிரேக்கரில் இருந்து இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டுகிற சத்தம் அது. பெரிய டயர் ஃபெண்டர் ஓரத்தில் லேசாக உரசுகிறது, அதற்கு மட்டும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் 20 மி.மீ. ஸ்பேசர் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஜிம்னிக்கு 2 இன்ச் ஸ்பிரிங் போட்டேன் சார். 80 தாண்டினால் வண்டி அலைகிறது, ஒருமுறை ஸ்டீயரிங் கையைவிட்டுப் பறப்பதுபோல் ஆடியது. ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினால் சரியாகுமா?

டேம்பர் என்பது ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஒரு ஷாக். அதை மாற்றினால் ஆட்டம் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு ஆக்ஸில். முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் சேஸிஸில் பின்னால் மாட்டியிருக்கின்றன. வண்டியைத் தூக்கினால் ஆக்ஸில் லேசாக உருண்டுவிடும், காஸ்டர் குறைந்துவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்த மாதிரிச் சாய்வுதான் காஸ்டர். அது குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. அதற்கென்று காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (சாய்வைத் திருத்தும் ரப்பர் பாகம்) இருக்கிறது, லிஃப்ட்டோடு சேர்த்தே போட்டிருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு இன்னொன்றும் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார்த்தி ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். நீங்கள் குனிந்து, ஆக்ஸிலையும் சேஸிஸையும் குறுக்காக இணைக்கும் லேட்டரல் ராடின் இரண்டு முனைகளையும் பாருங்கள். போல்ட் தன் ஓட்டைக்குள் துளி அசைந்தாலும் குற்றவாளி அதுதான். அடுத்து வீல் பேலன்சிங், முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங். இதையெல்லாம் சரிசெய்கிற வரை ஹைவேயில் வேகம் வேண்டாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேள்வி: ஜிம்னிக்கு லிஃப்ட்டா, பெரிய டயரா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

டயர். ஆக்ஸில் நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் குண்டை எந்த ஸ்பிரிங்கும் தூக்காது, டயர்தான் தூக்கும். கம்பெனி டயர் 195/80 ஆர்15, உயரம் 693 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733 வரும், அதாவது குண்டு 20 மி.மீ. மேலே போகும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது பழைய டயரில் ஓடியதைவிட 6 கி.மீ. அதிகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள், பிக்கப்பும் மைலேஜும் குறையும். தினமும் ஓட்டுகிறவருக்கு 215/75 ஆர்15 போதும் என்பது என் கட்சி.

கேள்வி: 2013 தார் சிஆர்டிஇ (பழைய மாடல்). முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் டார்ஷன் பார் என்ற இரும்புத் தண்டை முறுக்கினாலே ஏறிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

நானே செய்து பட்டிருக்கிறேன். என் பழைய தாரில் ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் முறுக்கி இரண்டு இன்ச் ஏற்றிக் கொடுத்தார்கள், எனக்கு ஒரே சந்தோஷம். நாலு மாதம் கழித்துக் கொல்லிமலையில் எழுபது வளைவையும் ஏறி இறங்கிவிட்டு டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால், இடது ரிம்மின் உட்புறம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தது. கோணம் அதிகமாகி சிவி பூட் (சிவி ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) மடிப்பில் கிழிந்து, உள்ளே மண் போயிருந்தது. முறுக்குவதால் ஸ்பிரிங் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது, சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரத்தைத்தான் தின்கிறது. இத்தனை வருஷத்தில் பார் தளர்ந்து முன்பக்கம் இறங்கியிருந்தால் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், அதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: கிட் போட்ட பிறகு மாட்டுவண்டி மாதிரி இருக்கிறது. ஷாக் மட்டமா?

ஹெவி ஸ்பிரிங் வாங்கியிருப்பீர்கள். அது இரும்பு பம்பரும் வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) சுமக்கிற வண்டிக்கு. இன்னொரு சந்தேகம், புஷ் போல்ட்டுகளை எப்போது டைட் செய்தார்கள்? வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு. 1000 கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் மறுபடி அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரில் வருகிறவர் சாபம் வேண்டாம்.

கேள்வி: ஆர்டிஓ பிரச்சினை வருமா ப்ரோ?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2019 திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். திரும்ப மாட்ட வேண்டி வரலாம், கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தார்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். 2 இன்ச் ஏற்றினால் கஷ்டமாக இருக்குமா?

இருக்கும். முதல் பதிலில் சைடு ஸ்டெப்பைக் கழற்றச் சொன்னேன் அல்லவா, அது உங்களுக்கு இல்லை.