சனிக்கிழமைப் படங்கள்

கேள்வி: என் மகள் ஜெர்மனியின் ஆகன் நகரில் பொறியியல் முதுகலை படிக்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடன் வாங்கி அனுப்பினோம். அவளோ வார இறுதி வந்தால் நெதர்லாந்து, பெல்ஜியம் என்று கிளம்பிவிடுகிறாள். சனிக்கிழமைதோறும் படங்கள் வருகின்றன. எங்கள் கோபம் புரியட்டும் என்று மூன்று மாதமாக நானும் பதில் போடவில்லை, மனைவியையும் போடவிடவில்லை. அவளை எப்படித் தடுப்பது?
- துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தண்டையார்பேட்டை

பதில்: கடனைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், பதில் போடாததைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் அதைத்தான் கேட்கப்போகிறேன். 7,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பெண், இன்று எந்த ஊரில் இருக்கிறேன் என்பதை நீங்கள் கேட்காமலே வாரந்தோறும் பெற்றவர்களுக்குத் தெரிவிக்கிறாள். நீங்கள் பார்த்துவிட்டு வாய் மூடிக்கொள்கிறீர்கள். கடலுக்குப் போனவரிடமிருந்து தகவல் வராதா என்று காசிமேட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர் செய்யும் காரியமா இது? கோபத்தை வாய்விட்டு ஒருமுறையாவது சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இப்படியே போனால் அவள் பயணத்தை நிறுத்தமாட்டாள், படம் அனுப்புவதைத்தான் நிறுத்துவாள். அதற்குப் பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது. தாயின் கையையும் கட்டிப்போட்டது அதைவிடப் பெரிய தவறு.

ஆகன் மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. அங்கிருந்து நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரம் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தண்டையார்பேட்டையிலிருந்து தாம்பரம் போவதற்கே அதற்கு மேல் ஆகும். ஜெர்மனியின் வசிப்பு அனுமதி அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால், பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்துள்ள மற்ற ஐரோப்பிய நாடுகளில் (ஷெங்கன் நாடுகள்) 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துவதால், அந்த இரண்டையும் விடுதி அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. இதைச் சொல்லவாவது நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மாணவர்கள் விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அவள் பயணச்சீட்டு வாங்கவேண்டும். மாதக் கணக்கைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பெற்றவர்கள் வீட்டை வைத்து வாங்கிய கடனை அடைப்பது பிள்ளையின் கடமை. இதில் நான் எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டேன், உங்கள் மகளிடமும் இதையே சொல்வேன். தேர்வைப் பற்றியும் கேளுங்கள். ஒரே தேர்வில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாத விதி அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் உண்டு. எந்தெந்தத் தேர்வுகள் முடிந்தன, எவை பாக்கி என்பது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே! மூன்று மாதம் பேசாதவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கணக்கையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன், வருகிற சனிக்கிழமை படம் வந்ததும், மதியம் என்ன சாப்பிட்டாய் என்று உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். பிறகு கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.