ஜூன் 21: கொடிமலைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருபத்தாறு பேரை, ஆண்டின் மிக நீண்ட பகல் என்று சொல்லப்படும் ஜூன் 21 அன்று பினாங்குக் கொடிமலைக்கு நடத்தி அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பதினொரு வயதுச் சிறுமி முதல் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் வரை வருகிறார்கள். இருவருக்கு நீரிழிவு உண்டு. உச்சியில் நின்று சூரிய உதயம் காண எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? வழிகாட்டி தேவையா? ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டால் நாளின் பொருள் கெட்டுவிடுமா?

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை, அதிகாலை மூன்றரை மணி என்பதாகும். ஆனால் அந்த நேரத்தில் இந்தக் குழுவை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. இதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமன்று. சூரியன் வடக்கே நகர்வதை நிறுத்தித் தெற்கே திரும்பும் இந்தக் கதிர்த்திருப்ப நாளைப் பினாங்கில் கண்ணால் காண உதயம் ஏற்ற வேளையே அன்று; அதற்கு உரிய வேளை பிற்பகல் 1.20.

உதயத்தைக் கொண்டாடும் வழக்கம் வடதேசங்களில் இயல்பாக எழுந்தது. லண்டனில் ஜூன் 21 அன்று பகல் பதினாறரை மணி நேரத்தையும் தாண்டுகிறது. டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. அங்கே அந்நாளின் விடியல் எல்லோருக்கும் கண்கூடான மாற்றம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5.4 பாகையில் இருக்கும் பினாங்கிலோ ஜூன் 21இன் பகல் சுமார் 12 மணி 26 நிமிடம். டிசம்பர் 21இன் பகல் சுமார் 11 மணி 49 நிமிடம். இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் இங்கேயே இருப்பவர்கூட உணர்வதில்லை. உதயமாகும் திசை மாறுவது உண்மைதான். ஜூனில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து இருபத்துமூன்று பாகைக்கு மேல் வடக்கே தள்ளி, கடாரத்து ஜெராய் மலை தெரியும் பக்கமாகச் சாய்ந்து எழுகிறது; டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி, புக்கிட் மெர்தாஜாம் குன்றின் பக்கம் எழுகிறது. ஆனால் இரண்டு உதயங்களையும் ஒரே இடத்திலிருந்து பார்த்தவருக்குத்தான் அந்த வேறுபாடு புலப்படும்.

நண்பகல் நிழல் அப்படிப்பட்டதன்று. அன்று சூரியன் கடகரேகைக்கு மேல் நிற்பதால், நமக்கு அது தலைக்கு நேர் மேலே வராமல் வடக்கே 18 பாகை சாய்ந்து நிற்கும். நம் நிழல் தெற்கே விழும். சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும் டிசம்பர் மாதத்து நிழலையே நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு மீட்டர் கோல் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் நிழலைத் தெற்கு நோக்கி இடும். பினாங்கில் நிழல் காலடியிலேயே ஒடுங்கும் நாள்கள் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டியும் வருகின்றன. ஜூன் 21 அந்த நாளன்று. இந்த ஒன்றைச் சிறுமியும் பெரியவரும் தம் நிழலைக் கொண்டே தெரிந்துகொள்வார்கள் என்பதால், நடை முழுவதையும் அந்த நேரத்தை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள்.

உச்சிவேளை பன்னிரண்டுக்கு வராமல் 1.20க்கு வருவது ஏன் என்று யாரேனும் கேட்பார்கள். நமது கடிகாரம் 120ஆம் பாகைக் கிழக்கு நெடுவரைக்கு உரியது. பினாங்கு இருப்பதோ 100 பாகைக்குச் சற்றே கிழக்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் எண்பது நிமிடத் தாமதம் வந்துவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்படும் வரை இந்த உச்சிவேளை 12.50க்கு வந்தது.

உதயத்தையும் காண வேண்டும் என்ற விருப்பம் குழுவில் வலுவாக இருந்தால், அதைக் கடற்கரையிலேயே காணுங்கள். ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தா லாமா கடலோரத்தில் 6.45க்குக் கூடினால், 7.05 முதல் 7.10 மணிக்குள் மறுகரையின் மேல் சூரியன் எழுவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பிறகு பசியாறிவிட்டு, எட்டு மணிக்குத் தாவரவியல் பூங்கா வாயிலுக்கு அருகே தொடங்கும் ஜீப் பாதையில் நடையைத் தொடங்குங்கள்.

அந்தப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏற்றம் 700 மீட்டருக்கு அருகில். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இரண்டு மணி பத்து நிமிடம் வருகிறது. ஆனால் அது நல்ல உடற்கட்டுள்ளவர் இளைப்பாறாமல் நடக்கும் கணக்கு. இருபத்தாறு பேர் கொண்ட குழு, அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் செல்ல முடியும். மூன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொன்றேகாலுக்கு மேலே சேர்ந்தாலும் உணவுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரம் மிஞ்சும். பாதையின் பெரும்பகுதி மரநிழலில் இருப்பதால் வெயில் உங்களை அதிகம் வாட்டாது. செங்குத்தான ஏற்றம்தான் வாட்டும்.

விடியலுக்கு முன் ஏறுவதை நான் தடுப்பதற்கு வானிலையும் ஒரு காரணம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மொத்தத்தில் மழை குறைவு என்பது சரியே. ஆனால் இதே காலத்தில்தான் மலாக்கா நீரிணையில் இரவில் உருவாகும் சுமத்ராக் காற்று, இடி மின்னலோடு விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்குகிறது. மரங்கள் அடர்ந்த சரிவில், இருட்டில், பிள்ளைகளோடு அதில் சிக்குவது மிக ஆபத்தானது. எட்டு மணிக்குத் தொடங்கினால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். முதல்நாள் இரவும் அன்று காலையும் வானிலைத் துறையின் மைகுவாச்சா செயலியைப் பாருங்கள். இடி கேட்டால் புறப்படாதீர்கள்; கடைசி இடியோசைக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருங்கள். புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையைத் தள்ளிவையுங்கள்.

வழிகாட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜீப் பாதை தார் போட்ட, தெளிவான பாதை. வழி காட்டுவதற்காக ஆள் தேவையில்லை. ஆனால் குழுவை நடத்துவதற்கு ஆள் தேவை. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் எட்டெட்டுப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் செல்பவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் வருபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இந்தக் கடைசி ஆளின் பொறுப்பை இளைஞர்கள் எளிதாக எண்ணுவார்கள். குழுவில் மிகப் பொறுமையானவரிடமே அதைக் கொடுங்கள். பாதி வழியில் உள்ள 84ஆம் ஓய்விடத்தில் தலை எண்ணிப் பார்த்து, தளர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பும் முடிவை அங்கேயே எடுங்கள். திரும்புபவரைத் தனியே விடாதீர்கள். மூன்கேட் வழியாகவோ வேறு காட்டுத்தடங்கள் வழியாகவோ செல்ல விரும்பினால் நிலைமை வேறு: அனுமதி வேண்டுமா என்று மாநில வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தடத்தை நன்கு அறிந்த மலை வழிகாட்டியுடன் செல்லுங்கள்.

நீரிழிவு உள்ள இருவரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த அக்கறை. மலையில் கோயில் இருப்பதால் தரிசனம் முடியும் வரை எதுவும் உண்ண மாட்டேன் என்று சொல்லும் பெரியவர்களைப் பல நடைகளில் பார்த்திருக்கிறேன். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஏறினால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடும். ஒருமுறை என் குழுவில் ஒருவர் வியர்த்து நடுங்கியபோது அதைக் களைப்பு என்று நினைத்து உட்கார வைத்தேன். உடன் வந்த செவிலியர்தான் இனிப்பு நீர் கொடுத்துக் காப்பாற்றினார். இருவரும் முன்னதாக மருத்துவரிடம் அன்றைய மருந்தளவைக் கேட்டுக்கொள்ளட்டும். பொறுப்பாளரின் பையில் சர்க்கரை இருக்கட்டும். கோயிலில் காத்திருக்கும் முருகன் பசியாறியவரையும் வரவேற்பான்.

அறுபத்தெட்டு வயதுப் பெரியவரும் மூட்டுவலி உள்ளவர்களும் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலில் ஏறி, பன்னிரண்டரைக்கு மேலே உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். இறங்கும்போது அனைவரும் ரயிலில் வருவதே நல்லது. அந்தச் சரிவில் ஏறுவது மூச்சை வாங்கினாலும் முழங்காலை நொறுக்குவது இறக்கம்தான். ரயில் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாள்கள் உண்டு என்பதால் முன்னதாக உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். உணவுப் பொட்டலத்தை நெகிழிப் பையில் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வைத்தால் குரங்குகளின் தொல்லை இராது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதால் ஒன்றும் கெடாது. திரும்பும் வேளையில் சூரியனின் வடநகர்வு அநேகமாக நின்றுவிடுவதால், மூன்று நான்கு நாள் முன்பின்னாக நிழலின் நீளத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்கள், தட்சிணாயனம் ஆடி முதல் நாளில்தானே பிறக்கிறது என்று கேட்கக்கூடும். விண்மீன்களை வைத்துக் கணிக்கும் நம் ஆண்டுக்கும் பருவங்களுக்கும் இடையே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் இடைவெளி சேர்கிறது; அது சேர்ந்து சேர்ந்து, இன்று ஆனி முதல் வாரத்திலேயே சூரியன் திரும்பிவிடுகிறது.

மேலே செய்ய வேண்டியது, ஸ்தபதிகள் கோயில் மனைக்குத் திசை காணச் சங்கு எனப்படும் நிழற்கோலை நட்டுப் பார்த்த அதே முறை. 12.30க்குக் கோலை நிறுத்தி நிழல் நுனியைக் குறியுங்கள். கோலின் அடியை மையமாகவும் அந்த நிழலை ஆரமாகவும் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். 2.10 மணியளவில் நுனி மறுபடியும் வட்டத்தைத் தொடும். இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு நேர்க்கிழக்கு மேற்கு; நண்பகல் நிழல் அதற்குச் செங்குத்தான திசையில் தெற்கே போகும். நண்பகலில் மேகம் மறைத்தாலும் கவலை வேண்டாம். அன்று சூரியன் நாள் முழுவதும் வடபாதியிலேயே இருப்பதால், எந்த நேரத்தில் வெயில் அடித்தாலும் நிழல் தெற்குப் பக்கமே சாயும்.

மேலே கோல் நட மண் தரை எளிதில் கிடைக்காது. கனமான அடிப்பலகையில் பொருத்திய ஒரு மீட்டர் கோல், அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குநூல், தரையில் விரிக்க ஒரு பெரிய அட்டை ஆகியவற்றை ரயிலில் வருபவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். கோயில் தரையில் சுண்ணக்கட்டியால் எதையும் வரைய வேண்டாம்.