காசியில் படகு: முன்பணம் அனுப்பாதீர்கள்

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரம் அப்பா (74), அம்மா (69), மனைவியோடு காசிக்குப் போகிறேன். மூன்று நாள் தங்கல். கங்கையில் படகில் போய்க் காட்களை (படித்துறைகளை)ப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. விடுதி மூலமாகப் பேசிய ஒருவர், "சன்ரைஸ் க்ரூஸ், ஆரத்தி க்ரூஸ் இரண்டும் சேர்த்துத் தலைக்கு 2,500 ரூபாய். பாதியை இப்போதே அனுப்பினால்தான் இடம்" என்கிறார். அனுப்பலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி. அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் போக வேண்டியிருக்கும். (திருச்சி வாசகர்)

பதில்: அனுப்ப வேண்டாம்.

காசியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் படகுக்கு வராது. அஸி காட்டிலோ தசாசுவமேத காட்டிலோ முதல் படியில் கால் வைக்கும்போதே நாலு பேர் "போட், போட்" என்று பின்னால் வருவார்கள். இடம் போய்விடும் என்று திருச்சியில் இருப்பவரைப் பயமுறுத்துவது பணத்தை முன்கூட்டியே கறப்பதற்குத்தான். நாலு பேருக்குப் பத்தாயிரம் ரூபாய்! சாதாரண நாளில் சின்ன மோட்டார் படகு ஒன்றைக் காலையும் மாலையும் உங்களுக்கென்றே தனியாக எடுத்தாலும் அதில் பாதிகூட ஆகாது. மீதி எங்கே போகிறது? விடுதி மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பங்கு, கூட்டிக்கொண்டு போகிற ஆட்டோக்காரருக்கு ஒரு பங்கு, கழுத்தில் அட்டை மாட்டிய 'கைடு'க்கு ஒரு பங்கு. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் படகு ஓட்டுகிற மல்லா சமூகத்துக்காரர் கைக்குப் போவதுதான் கடைசிப் பங்கு. அதனால்தான் அவரும் பாதி வழியில் படகை நிறுத்திவிட்டு உங்களிடம் தனியாக 'பக்ஷீஸ்' கேட்கிறார்.

க்ரூஸ் என்ற சொல்லில் மயங்காதீர்கள். 2023 ஜனவரியில் காசியிலிருந்து அசாமின் திப்ருகருக்குக் கங்கா விலாஸ் கப்பல் கிளம்பியது. 51 நாள், 3,200 கிலோமீட்டர். அந்தச் செய்தி வந்த பிறகு, கூரையும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கிற எந்தப் படகும் க்ரூஸ்தான். நிஜமான சுற்றுலாக் கப்பல்களும் உண்டு. பெரும்பாலும் ரவிதாஸ் காட் பக்கமிருந்து கிளம்பும், கண்ணாடி வைத்த அறை, கழிப்பறை எல்லாம் இருக்கும். அதில்தான் போக வேண்டும் என்றால் நடத்துகிற நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் டிக்கெட் எடுங்கள். இடையில் யாரும் வேண்டாம்.

அடுத்து, சன்ரைஸ். காசிக்குப் போன எல்லோரும் விடியற்காலைப் படகைப் பற்றித்தான் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் மாதம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்கவே 6.45 ஆகிவிடும். அதற்கு மேலும் பல நாள் பனிமூட்டம் விலகாது. பத்தடி தள்ளி வருகிற படகு தெரியாத அளவுக்கு மூடியிருக்கும் காலைகள் உண்டு. சில நாள் மூட்டம் கலையும் வரை படகை விடவே மாட்டார்கள். 74 வயதுக்காரரை ஐந்து மணிக்கு எழுப்பி, குளிரில் படி இறக்கி, வெள்ளைச் சுவரைப் பார்க்க வைக்க ஆயிரக்கணக்கில் பணமா? சரி, உங்களிடம் பேசியவர் இதைச் சொன்னாரா? சொல்ல மாட்டார். பனி என்று படகு கிளம்பாவிட்டால் முன்பணம் திரும்பி வருமா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். லைன் கட்டாகிவிடும்.

ஆரத்திப் படகில் இருப்பது வேறு வகை ஏமாற்று. உங்கள் அப்பாவை நினைத்தால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தசாசுவமேத காட்டில் தினமும் மாலை ஆரத்தி நடக்கிறது. குளிர்காலத்தில் ஆறு மணியை ஒட்டி, கோடையில் ஏழு மணியை ஒட்டித் தொடங்கி முக்கால் மணி நேரம் போகும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகுகள் வந்து கரையோரம் நிற்கத் தொடங்கிவிடும். முதல் வரிசைக்குப் பின்னால் இரண்டாவது, அதற்குப் பின்னால் மூன்றாவது என்று விளிம்போடு விளிம்பு உரசிக்கொண்டு, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிற்கும். ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டித் தாண்டிப் போய்த்தான் டீ விற்பார்கள். இதற்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால் கடைசி மணி அடித்து, பின்னால் நிற்கும் படகுகள் ஒவ்வொன்றாக விலகும் வரை நீங்கள் நகர முடியாது. இரண்டு மணி நேரம் ஆகும், கழிப்பறை கிடையாது. படகு 'சவாரி' என்று பெயர், படகோ கட்டிப் போட்ட இடத்திலேயே கிடக்கும். பின்வரிசையில் மாட்டினால் தெரிவது முன்படகுக்காரர்கள் தூக்கிப் பிடித்த கைபேசிகள்தான்.

ஆரத்தியைப் படியிலிருந்து பாருங்கள். காசு கிடையாது, ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். அப்பாவுக்கு அவசரம் என்றால் எழுந்து நடந்துவிடலாம். தசாசுவமேதத்தில் நெரிசல் என்று தோன்றினால் அஸி காட்டிலும் மாலை ஆரத்தி உண்டு.

படகை ஆரத்தியோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போவது உங்களுக்கு நல்லது. பெரும்பாலும் பனி விலகியிருக்கும். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுவதால் காட்கள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்குப் பார்த்து நிற்கின்றன. காலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், படியெல்லாம் நிழல்.

அஸியில் ஏறுங்கள். அஸி தென்கோடி, அங்கிருந்து வடக்கே போவது நீரோட்டத்தோடு போவது. துடுப்புப் படகு என்றால் இது பெரிய வித்தியாசம். தசாசுவமேதத்தில் ஏறி "ஒரு மணி நேரம்" என்று பேசினால், எதிர்நீச்சலில் கேதார் காட்டைத் தொடுவதற்குள் பாதி நேரம் போய்விடும், அங்கேயே திருப்பிவிடுவார்கள். அஸியில் ஏறினால் துளசி காட், 1781-இல் வாரன் ஹேஸ்டிங்ஸை எதிர்த்துவிட்டுத் தப்பிய காசி ராஜா சேத் சிங்கின் கோட்டை, அப்புறம் நம் ஆட்கள் பேட்டை. ஹனுமான் காட்டில் இறங்கி நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். பாரதியார் இளவயதில் தங்கிப் படித்த பகுதி அது. ஹரிச்சந்திர காட்டைத் தாண்டினால் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த படிகளோடு கேதார் காட் வரும். குமரகுருபரர் வழிவந்த குமாரசுவாமி மடம் அங்கேதான். அம்மாவுக்கு இந்த இடம் மட்டும் போதும் என்று தோன்றும், படகை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தசாசுவமேதம், ஜெய்சிங்கின் வானாய்வுக்கூடம் இருக்கிற மான் மந்திர், லலிதா காட், பிணம் எரிக்கும் மணிகர்ணிகை. மணிகர்ணிகையைத் தாண்டியதும் தண்ணீருக்குள் சாய்ந்து நிற்கிற ரத்னேசுவரர் கோயில். அங்கே திருப்பினால் சரியாக இருக்கும்.

பேரம் பேசும்போது நாலு விஷயத்தை ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்: எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், முழுப் படகுக்கும் சேர்த்து எவ்வளவு, எங்கே இறக்கிவிடுவார். "பூரி நாவ் கா கித்னா?" என்று கேளுங்கள். முழுப் படகுக்கு எவ்வளவு என்று அர்த்தம். இதைக் கேட்காமல் "ஐந்நூறு" என்று ஒத்துக்கொண்டால், கரைக்குத் திரும்பியதும் அது தலைக்கு ஐந்நூறு ஆகிவிடும். திரும்பி வராமல் ஒருவழிப் பயணமாகப் போய் தசாசுவமேதத்தில் இறங்கினாலும் துடுப்புப் படகுக்காரர் கொஞ்சம் கூடக் கேட்பார். அது நியாயம், காலிப் படகை எதிர்நீரோட்டத்தில் அவர்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும். நடுவழியில் "அந்தக் கரைக்குப் போகலாம், ஒட்டகம் இருக்கு, குதிரை இருக்கு" என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணத்தை இறங்கிய பிறகு, துடுப்போ ஸ்டீயரிங்கோ பிடித்தவர் கையில் கொடுங்கள். "நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று கரையில் ஒருவர் நிற்பார். அவரிடம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பாடம் ஒரு படகேறுவதற்கு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அதே கேள்விதான். காட் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, அதில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று இந்தியோடு இரண்டு மொழியைச் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். கட்டண விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டுகிறார்கள். வாரணாசியில் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டுகிறார்கள், ஒரு பெயின்ட் டப்பாவுக்குத்தான் வழியில்லை. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு என்று எல்லாவற்றையும் கேட்கிறது. படியில் நிற்கும் உங்களால் எதைச் சரிபார்க்க முடியும்? ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதன் கொக்கி மாட்டுகிறதா. மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

முன்பணம் வேண்டாம் என்றேன், அதற்கு ஒரு விலக்கு உண்டு: தேவ் தீபாவளி. வடநாட்டுக் கார்த்திகைப் பௌர்ணமியன்று எல்லாப் படிகளிலும் விளக்கேற்றுவார்கள். அன்று முன்பதிவு இல்லாமல் படகு கிடைக்காது, விலையும் வானத்தில் இருக்கும். உங்கள் பயணத்துக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், இதில் நம் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் ஏமாறுகிறார்கள். கார்த்திகைப் பௌர்ணமி என்றதும் நம் காலண்டரில் கார்த்திகை தீபத்தைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். தேவ் தீபாவளி, தீபாவளி முடிந்து சுமார் பதினைந்து நாளில் வருவது. 2024-இல் அது நவம்பர் 15, திருவண்ணாமலை தீபமோ டிசம்பர் 13. 2025-இல் நவம்பர் 5, இங்கே டிசம்பர் 3. சில வருஷம் இரண்டும் ஒட்டி வரும். 2023-இல் அப்படித்தான் வந்தது, அதனால் குழப்பம் இன்னும் அதிகமாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் போய் இறங்கி, "விளக்கு எங்கே?" என்று கேட்பவர்களிடமும் தரகர் சிரித்துக்கொண்டே பணம் வாங்குவார். தேவ் தீபாவளிக்கு என்று போனால் வாரணாசிப் பஞ்சாங்கப்படி தேதியை உறுதி செய்யுங்கள். முன்பணம் கொடுத்தால் படகின் எண், ஏறும் காட், ஏறும் நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பணம் போனது போனதுதான்.

இன்னொன்று. அப்பா அங்கே பித்ரு காரியம் செய்யப்போகிறாரா? ஆமாம் என்றால் படகுக்குத் தனியாகச் செலவு செய்வதற்கு முன்னால் காரியம் செய்து வைக்கும் வாத்தியாரைக் கேளுங்கள். அஸி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்று ஐந்து தீர்த்தங்களுக்கும் போவது வழக்கம், பெரும்பாலும் படகில்தான். ஏறக்குறைய நகரத்தின் முழு ஆற்றங்கரையும் அதிலேயே வந்துவிடும். அதே படகு, அதே கரை, அதற்கு இன்னொரு 'பேக்கேஜ்' எதற்கு? வாத்தியார் சொல்லும் தொகையில் படகு அடங்குமா என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மணிகர்ணிகையில் படகிலிருந்து படம் எடுக்காதீர்கள். சிதைகளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள், சிலருக்கு மனசு கலங்கும். ஏறுவதற்கு முன்பே இருவரையும் கேட்டுவிட்டுப் படகுக்காரரிடம் சொல்லுங்கள், அவர் எட்டியே நிறுத்துவார். அங்கே இறங்கினால் ஒருவர் வந்து, ஏழைப் பிணங்களுக்கு விறகு வாங்கத் தர்மம் என்று கிலோ கணக்கில் விலை சொல்வார். அந்தப் பணம் விறகாக மாறுவதில்லை.

முழங்காலுக்கு: ஜனவரியில் ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும், அதனால் இறங்க வேண்டிய படிகள் அதிகம். தசாசுவமேதத்தில் அப்பாவை ஏற்றி இறக்காதீர்கள். அஸியில் இறக்கம் கொஞ்சம் சுலபம். அதுவும் முடியாது என்றால் ரவிதாஸ் காட் வரை வண்டி போகும், வடக்கே நமோ காட்டில் சாய்தளமும் உண்டு. கிளம்பும் முன் கழிப்பறை போய்விட்டு வரச் சொல்லுங்கள், சவாரியை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். அவ்வளவு நேரம் தாங்காது என்றால், கழிப்பறை உள்ள பெரிய கப்பலே அவருக்கு மேல். அங்கே மட்டும் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. பொங்கலன்று அங்கே மகர சங்கராந்திக் குளியல் கூட்டம், அந்த நாளைத் தவிருங்கள்.

படகில் போகும்போது வெள்ளைப் பறவைகள் கூட்டமாகச் சுற்றும், பக்கத்தில் வேறொரு படகு ஒட்டி வந்து அவற்றுக்குப் போட மிக்சர் பாக்கெட் நீட்டும். தொன்னையில் பூவும் விளக்கும் வைத்துக்கொண்டு சின்னப் பெண்கள் கரையிலேயே கையில் திணித்துவிட்டுப் பிறகு விலை சொல்வார்கள். விலையைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள், பத்து இருபது ரூபாய் நோட்டாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்காற்று காதைக் குத்தும். அப்பாவுக்குக் குரங்குக் குல்லாவும் சால்வையும் கட்டாயம். திருச்சியில் தேடி அலைய வேண்டாம், கோதௌலியா சாலையோரத்திலேயே குவித்து வைத்து விற்பார்கள்.